முதலாளி பேரு சேவலான கதை

பேனாவுக்கு மை ஊத்துறப்போ எல்லாம், மலையிலருந்து ஜீப்புல இறங்குன ஏலக்காயும் மையும் கலந்து மணக்குமே, போடியில அப்பா வேலை பார்த்த அந்தக் கடை வாசந்தான் எனக்கு மூக்கில் ஏறுது. குச்சியில் மை தொட்டு, லோடு சாக்குல முதலாளி பேரோட முதலெழுத்தைப் போடுறது அப்பா சோலி. ஒருநாள் அவரு கை தவறி சாக்குமேல மை கொட்டிப் பரவிருச்சு. வாசல்ல முதலாளி செருப்புச் சத்தம். வேலை போச்சுன்னு அப்பா மரமா நிக்கிறாரு. பக்கத்துல நின்ன எனக்கு அப்ப எழுத்துத் தெரியாது. குச்சியை வாங்கி, அந்தக் கறைக்குக் கொண்டை, வாலு, காலுன்னு கையெடுக்காம இழுத்துட்டேன்.

"என்னய்யா, என் பேரு சேவலாயிருச்சு?"

"நம்ம புள்ள போட்டது, முதலாளி..."

"கூவிரும் போலருக்கே! சரி, வெரசா லோடு ஏத்து."

அப்பா விட்ட மூச்சு என் உச்சந்தலையில சூடாப் பட்டுச்சு. படம் போட நான் இன்னைவரைக்கும் பென்சிலைத் தொட்டதில்ல, நேரா மைதான்.