எல்லா ஊர் மாடுகளும் வந்த காலை

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. டாக்டரம்மா, பைக்கில் ஊர் ஊராகப் போய் மாடு பார்க்கும் உதவியாளர், நான் என்று மூன்றே பேர்தான். உதவியாளர் என்னைவிட இளையவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாதி நாளை ஓட்டிவிடுவார்.

எந்த ஊரில் யார் வீட்டு மாட்டுக்கு என்றைக்குச் சினை ஊசி போட்டோம் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஊசி போட்டு மூன்று மாதமானதும் சினை நின்றிருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். காலையில் டாக்டரம்மா ஓர் ஊர் பேரைச் சொல்வார். அந்த ஊரில் இன்று பார்க்க வேண்டிய மாடுகளை எடுத்து அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு ஒரு நீளமான குவரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, உண்டு. இந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் எழுதி வைத்துவிட்டுப் போனது. தினமும் அதை எடுத்து ஒட்டி, ஊரையும் தேதியையும் மாற்றி ஓட்டுவேன். ஒரு கமா தவறினாலும் முரண்டு பிடிக்கும்.

ஒருநாள் அப்படி முரண்டு பிடித்தபோது உதவியாளர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாக்கா, டெய்லி இதையேவா அடிக்கிற? ஒருவாட்டி சொன்னத அதுவே ஞாபகம் வெச்சிக்காதா?”

விளையாட்டாகத்தான் கேட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் அவலூர்பேட்டை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. போனில் தேடினேன். ஸ்டோர்டு புரொசீஜர் என்று ஒன்று இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. நீளமான குவரிக்கு ஒரு பேர் வைத்து டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துவிடலாம். பிறகு பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஊரை மட்டும் பிராக்கெட்டுக்குள் கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

நான் படித்தது பி.எஸ்ஸி. கணக்கு. கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் வேலைக்கு வந்தேன். தமிழில் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் எம்ப்ளாயியும் சேலரியும்தான் உதாரணம். அவற்றை நான் மாடும் ஊருமாக மாற்றிக்கொண்டேன். அப்படி மாற்றியதும் பாடம் கொஞ்சம் பழக்கப்பட்ட முகமாகத் தெரிந்தது.

முதலில் செமிகோலன் என்னைப் படுத்தியது. புரொசீஜருக்குள்ளே வரும் முதல் செமிகோலனைக் கண்டதுமே நான் பேசி முடித்துவிட்டதாக நினைத்து, அது பாதியிலேயே பிழை என்றது. என் முடிவுக்கு வேறு அடையாளம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். இது புரிவதற்குள் மதிய சாப்பாட்டு நேரங்கள் பல போயின. ஒருவழியாகப் பிழை இல்லாமல் உள்ளே போனபோது, டிபன் பாக்ஸை மூடிக்கூட வைக்காமல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அதற்கு ‘இன்னிக்குமாடு’ என்று பேர் வைத்திருந்தேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா தளவானூர் என்றார். ‘இன்னிக்குமாடு’ என்று கூப்பிட்டு, தளவானூர் என்று கொடுத்து, பெருமையாகப் பிரிண்டரைத் தட்டினேன். தாள் வந்தது. இன்னொன்று வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

உதவியாளர் தாள்களைப் புரட்டினார். “இன்னாக்கா, அவலூர்பேட்டை இருக்குது, மேல்மலையனூர் இருக்குது… எல்லா ஊரு மாட்டையும் இன்னைக்கே நான் பாத்துட்டு வரணுமா?”

டாக்டரம்மா சிரித்தபடியே பிரிண்டரை அணைத்தார். நானும் சிரித்தேன். காது மட்டும் சூடாகிவிட்டது. பழைய குவரியை ஓட்டி உதவியாளரை அனுப்பிவைத்துவிட்டு, நாள் முழுக்க அந்தப் புரொசீஜரை முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பு இல்லை.

அது வெளிச்சமானது வீட்டில். எங்கள் வீட்டில் என் மகளையும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், காலேஜ் படிக்கும் நாத்தனாரையும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அன்று வீட்டுக்காரர் வாசலிலிருந்து, “பாப்பா, மோட்டார நிறுத்து” என்று குரல் கொடுத்தார். சொன்னது தங்கச்சிக்கு. அவள் பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள்தான், “இன்னா நைனா?” என்று எழுந்தாள்.

கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். மாடுகளின் அட்டவணையில் ஊர் பேர்கள் வரிசையாக நிற்கும் பத்திக்கும் ஊர் என்றுதான் பேர். நான் பிராக்கெட்டுக்குள் கொடுக்கும் பேரை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்கும் ஊர் என்றே பேர் வைத்திருந்தேன். புரொசீஜருக்குள் ஊர் என்றால் உள்ளே இருப்பதுதான் பதில் சொல்லும். வெளியே இருக்கும் பத்தியை அது தேடிப் போவதே இல்லை. தளவானூரும் தளவானூரும் ஒன்றா என்று ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைத்தானே கேட்டு, ஒன்றுதான் என்று எல்லா மாட்டையும் உள்ளே விட்டிருக்கிறது!

“தோசை தீயுது,” என்றாள் துணியோடு உள்ளே வந்த நாத்தனார். தீயட்டும் என்றிருந்தது எனக்கு. காலையில் போய், உள்ளே இருந்த ஊர் என்ற ஒரே ஒரு பேரை ‘கேட்டஊர்’ என்று மாற்றினேன். தளவானூர் கேட்டால் தளவானூர் மட்டும் வந்தது. திரும்பத் திரும்ப ஊர் மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தேன். தேவையே இல்லை, ஆசைக்குத்தான்.

பிறகு ஓர் அமாவாசை வந்தது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் எங்கள் பஸ் நகராமல் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் ஸ்பெஷல் பஸ்கள். டாக்டரம்மா போன் செய்தார். “எங்க இருக்க? இவன் கிளம்பி நிக்கிறான். கம்ப்யூட்டர்ல எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

முன்பு போல இருந்திருந்தால் அவ்வளவு நீளக் குவரியை அந்தச் சத்தத்தில் போனில் சொல்லியிருக்கவே முடியாது.

“பயப்படாதீங்க டாக்டரம்மா. நான் சொல்றத மட்டும் அடிங்க,” என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கூப்பிடச் சொல்லும் ‘கால்’ முதலில், பிறகு இன்னிக்குமாடு, பிராக்கெட், கொட்டேஷன், ஊர் பேர். பக்கத்தில் தேங்காய்ப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமே வரல. ஒரு அம்புக்குறி மட்டும் வந்து நிக்குது.”

“கடைசில செமிகோலன் வெச்சீங்களா?”

“இரு, வெக்கிறேன்.” பிறகு காதைப் பிளக்கும் குரல். “வந்துடுச்சு! வந்துடுச்சுடி! தளவானூரு மட்டும் வந்துருக்குது!”

போனை வைத்ததும் பக்கத்து அம்மா, “யாருக்கும்மா, கொழந்த பொறந்துருக்குதா?” என்று கேட்டார்.

“இல்லம்மா, மாட்டு விஷயம்,” என்றேன்.

“நல்லா இருக்கட்டும்,” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. உதவியாளர் தளவானூர் போய்த் திரும்பியிருந்தார். பார்த்த மாடுகளில் அநேகமாக எல்லாம் சினை பிடித்திருந்ததாம். டாக்டரம்மா என் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலே இன்னோர் ஊரை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதே மாதிரி ஆட்டுக்குத் தடுப்பூசிக்கும் ஒண்ணு எழுதிடேன்,” என்றார் திரும்பாமலே.

“எழுதிடலாம். எழுந்து எடம் குடுங்க,” என்றேன்.