குடல்புழு மருந்துக்கு நாங்கள் வைத்த பத்தியம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு சிறுநீரகத்தையே எடுத்த பிறகும் புற்று நுரையீரலுக்குப் போய்விட்டது. தஞ்சாவூர் டாக்டர் தினமும் விழுங்க ஒரு மாத்திரை கொடுத்தார். மாத்திரையா அது, எமன்! வாயெல்லாம் புண். ரசம் சோற்றுக்கே கண்ணில் தண்ணீர் விடுவார். உள்ளங்கைத் தோல் உரிந்து வெடித்து, மண்வெட்டியைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தார். வயலே கதி என்று இருந்த மனுஷன்.

அப்போதுதான் துபாயில் இருக்கும் கொழுந்தனார் ஒரு வீடியோ அனுப்பினார். ஆடு, நாய்க்கெல்லாம் கொடுக்கிற குடல்புழு மருந்து சிறுநீரகப் புற்றையும் கரைக்கிறதாம். "அண்ணி, நம்ம ஆட்டுக்குக் குடுக்க வீட்டுலயே இருக்குற மருந்துதான். அண்ணனுக்குக் குடுத்துப் பாருங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, நீங்க என்ன கிடாவா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஆட்டுக்குக் கேக்குற மருந்து மனுஷனுக்குக் கேக்காதா?" என்று எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

அதோடு நின்றிருக்கலாம். பாபநாசம் பக்கத்தில் எங்களுக்குப் பத்தியம் இல்லாத மருந்து மருந்தே இல்லை. காமாலைக்குக் கீழாநெல்லி குடித்தால்கூட உப்பு, புளியைத் தள்ளி, ஆஸ்பத்திரி மருந்தையும் தள்ளி வைப்போம். ஒரு மருந்து இன்னொன்றை முறித்துவிடும் என்பது பேச்சு. அந்த வீடியோவில் பத்தியம் என்று ஒரு வார்த்தை கிடையாது. நாங்களாகவே வைத்துக்கொண்டோம். கருவாடு கூடாது, கத்திரிக்காய் கூடாது, தஞ்சாவூர் மாத்திரையும் கூடாது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அவர் தேறினார்! வாய்ப்புண் ஆறியது. காரமாகத் துவையல் அரைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாற்றங்காலுக்குப் போய் அவரே தண்ணீர் கட்டினார். ஒருநாள் இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் விரித்து, "பாத்தியா, மருந்து வேலை செய்யுது" என்றார். நான் அழுதேவிட்டேன். துபாய்க்குப் போன் போட்டு, "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்று வாயார வாழ்த்தினேன்.

பிறகு இருமல் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். "அந்த மருந்த வச்சு ஆராய்ச்சி நடக்குறது உண்மைதாம்மா. ஆளுங்களுக்குக் கேக்குமான்னு இன்னும் தெரியல. அது கெடக்கட்டும், நம்ம மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?"

"பத்தியம் சார்" என்றார் இவர்.

"அத நிறுத்துனதாலதான் கை ஆறிருக்கு. கை வெடிக்குதுன்னு சொல்லிருந்தா அளவக் குறைச்சுக் குடுத்திருப்பேனே."

குறைத்துக் கொடுப்பார்களாமே! டாக்டர் கொடுத்த அளவைப் பற்றிக் கேள்வி கேட்கக்கூடாது என்று இருந்துவிட்டோம். ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தால் குணமாகியிருப்பாரா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது, நோய் இன்னும் கொஞ்ச காலம் அடங்கி இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். மறுபடி அந்த மாத்திரையைத் தாங்க இவர் உடம்பில் தெம்பு இல்லை.

சம்பாக் கதிர் முற்றி நிற்கும்போது போய்விட்டார். அவர் கை என் கையில்தான் இருந்தது. நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்ட கை. தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு வெடிப்புகூட இல்லை.