கத்தரிக்கு மீன்வலை

விராலிமலையில் எங்கள் கொல்லை பல வருடம் புதராகக் கிடந்ததற்கு மயில்கள்தான் காரணம். எதை நட்டாலும் குருத்தோடு கொத்திவிடும். வெறுத்துப்போய் விட்டுவிட்டோம். சீமைக்கருவேலம் மண்டிவிட்டது.

இந்த மாசியில் ஆள் வைத்து முள்ளை வெட்டி, வேரைத் தோண்டி, எருப் போட்டுக் கத்தரி நாற்று நட்டேன். மேலே பந்தல்போலக் கட்டுவதற்கு, ஜெகதாப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கையிடம் பழைய மீன்வலை வாங்கி வந்தேன். அந்த நாற்றத்தில் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

வலை கட்டும்போது பக்கத்து வீட்டு அக்கா சுவரோரம் வந்து நின்றார்.

"முருகன் வாகனம்டி அது. ரெண்டு காய் தின்னா நீ கொறஞ்சா போயிருவ?"

"ரெண்டோட நிறுத்துனா நான் ஏங்க்கா வலை கட்டுறேன்?"

"சாமி குத்தம் ஆயிரும், பாத்துக்க."

நான் கடைசி முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டேன்.

சித்திரைக் கடைசியில் செடி கொள்ளாமல் காய்த்தது. மயில்கள் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. முதலில் பறித்த காய் முழுவதையும் கூடையில் அள்ளிக்கொண்டு மலையேறினேன். கோயில் மடப்பள்ளியில் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்பினால், வாசலில் அக்கா.

"எங்க போயிட்டு வார?"

"முருகனுக்குக் காய் குடுத்துட்டு வாரேன். வேணும்னா நானே படியேறிக் கொண்டாந்து தாரேன், வாகனத்தை அனுப்ப வேணாம்னு சொல்லிட்டும் வந்திருக்கேன்."