கண்ணாடி அலமாரியில் மொச்சை

வாணியம்பாடியில் தோல் மண்டிக்காரர்களின் வீடுகளுக்கு நான் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த காலம். எழுபதுகளின் கடைசி. வழுவழுவென்று சிவப்புத் தரை, இடுப்பு உயரத்துக்குக் கடல்பச்சை, மேலே பால்வெள்ளை, சுவருக்குள்ளேயே பதித்த கண்ணாடி அலமாரி. வேலை முடிந்தும் அந்தச் சுவர்களைத் தடவிக்கொண்டே நிற்பேன். ஒருநாள் மேஸ்திரி எல்லார் முன்னாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டாம்பா மலைக்காரன், பொகையக் கூட்டிக்கினு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களை மன்னித்துவிட்டேன், என்னை இல்லை.

ஜவ்வாது மலையில் எங்கள் வீடு ஒரே அறை. நடுவில் அடுப்பு, அதன்மேல் மூங்கில் பரண், சுவரெங்கும் தார் பூசினாற்போல் கரி. அண்ணனும் அண்ணியும் அதில்தான் இருந்தார்கள். பொங்கலுக்குப் போனவன், வீட்டை மாற்றப்போகிறேன் என்றேன்.

"இன்னாத்த மாத்தப் போற?" அண்ணி கேட்டாள்.

"அடுப்ப வெளிய போடணும். நடு வூட்ல பொகைய வெச்சிக்கினு எப்டித்தான் கீறீங்களோ!"

"இந்தப் பொகையிலதான நீயும் வளந்த? அப்ப மூக்கு இல்லியா ஒனக்கு?"

தம்பி ஆசைப்படுகிறான், அவ்வளவுதான் அண்ணனுக்கு. அடிவாரத்துச் சந்தவாசலிலிருந்து சிமெண்ட் மூட்டையைத் தோளில் போட்டு மலையேறினான்.

வெறியோடு வேலை செய்தேன். கரியைச் சுரண்டினேன். அடுப்பை வெளியே மாற்றினேன், பரணைப் பிரித்தேன். கூரைப்புல் தெரியாதபடி வெள்ளைத் துணி இழுத்துக் கட்டினேன். சிவப்புத் தரை போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்த்தேன். மண் சுவரைக் குடைந்து கண்ணாடி அலமாரி வைத்தேன். அதில் வைக்க எங்களிடம் என்ன இருக்கிறது? பரணில் தொங்கிய விதை மொச்சைதான். சாம்பலைக் கழுவினேன், காயவைத்தேன், பாட்டில்களில் கொட்டி அடுக்கினேன். சிவப்பு, வெள்ளை, புள்ளி. காலை வெயில் பட்டதும் அவை மின்னின. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "வெதைய எதுக்குப்பா பொம்மையாட்டம் வெச்சிருக்க? பொகையில இருந்தாத்தான் வண்டு தொடாது. ஏரோட்டற கொல்லைக்கு அதுதான் வெதை, வேற இல்ல."

"மூடி போட்டுக்குது அண்ணி. எறும்புகூடப் போவாது."

"சுடுகாட்டுலகூடப் பொகை இருக்கும். இந்த வூட்ல அதுவும் இல்ல."

நான் வெளியே வந்துவிட்டேன். புகையில் வெந்தவளுக்குப் பளபளப்பு எங்கே புரியும் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே மலையிறங்கினேன்.

ஆனியில் மழை விழுந்ததும் விதைப்புக்குப் போனேன். அண்ணி முதல் பாட்டிலின் மூடியைத் திருகினாள். மாவு. கொட்டைக்குக் கொட்டை உள்ளிருந்தே துளைத்த ஓட்டை. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் வண்டுகள் கண்ணாடியில் ஏறி வழுக்கி விழுந்து மறுபடி ஏறிக்கொண்டிருந்தன.

அவள் கத்துவாள் என்று நின்றேன். கடப்பாறையை எடுத்து வந்தாள். நடு வீட்டில், அடுப்பு இருந்த இடத்தில், ஓங்கிக் குத்தினாள். சிவப்புத் தரை பிளந்தது.

"அண்ணி! அது என் ஒழைப்பு!"

"அது என் வெதைடா." என்னை அவள் 'டா' போட்டது அன்றுதான்.

அண்ணனைப் பார்த்தேன். தோளில் சுமந்தவன் அவன். தடுப்பான் என்று நினைத்தேன். அவன் பெயர்ந்த சிமெண்ட் துண்டுகளைப் பொறுக்கி வாசலில் எறிந்துகொண்டிருந்தான்.

மறுநாள் அண்ணி தாய்வீட்டு மலைக்கு நடந்துபோய், மூன்றாம் நாள் முந்தானையில் விதை முடிந்து வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஏரைத் தூக்கினேன்.

"வெச்சிடு," என்றாள். "இந்த வெதை வெதைக்கற கொல்லைல நீ கால் வெக்கக் கூடாது."

அண்ணன் என் கையிலிருந்து ஏரை வாங்கிக்கொண்டான். அவர்கள் போனார்கள். பகல் முழுதும் அந்த அறையில் கடல்பச்சையையும் வெள்ளையையும் முறைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மாலையில் அண்ணி வந்து, என்னைத் தாண்டிப் போய், பிளந்த தரையில் போட்டிருந்த புது அடுப்பை மூட்டினாள்.