பொட்டு வைத்த பெடல்: மூக்கண்டப்பள்ளியில் என் முதல் லூப் கச்சேரி

கடந்த ஆயுத பூஜையன்று, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளிக்கு மடிக்கணினி, வயலின், கஞ்சிரா ஆகியவற்றைச் சுமந்து சென்றேன். அங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் என் மைத்துனன் முனிராஜ் மேற்பார்வையாளன். ஆண்டுதோறும் வரும் மெல்லிசைக் குழுவை, என் பேச்சை நம்பி, இம்முறை வேண்டாமென்று சொல்லிவிட்டான். நான் சொதப்பினால் தலைகுனிய வேண்டியவன் அவன்.

லூப் இசையை அறியாதோர்க்குச் சிறு விளக்கம்: நான் வாசிக்கும் சில ஆவர்த்தனங்களை, அதாவது தாளச் சுற்றுகளை, மென்பொருள் பதிந்து, உடனே விடாமல் ஒலிக்கச் செய்யும், அதன்மேல் அடுத்ததை வாசிக்கலாம். ஒருவரே ஒரு குழுவாகலாம். கைகள் இரண்டும் வாத்தியத்தில் இருப்பதால், பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் காலடியில் ஒரு பெடல் இருக்கும்.

காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினால் ஐம்பது கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் கடக்கலாம். ஓசூர் நிலையத்திலிருந்து ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். வண்டியில் வாழைக்கன்று கட்டிய நாளில் பேரம் செல்லாது.

"பாட்டுக்காரங்க எல்லாம் பின்னாடி வர்றாங்களா சார்?" என்றார் ஓட்டுநர்.

"நான் மட்டும்தான்."

"ஒத்த ஆளுக்கா இத்தன மூட்ட?"

தொழிற்கூடத்தில் இயந்திரங்கள் மாலையுடன் ஓய்வில் நின்றன. மேடையில் கருவிகளை இணைத்துவிட்டுக் கைகழுவச் சென்றேன். திரும்புவதற்குள் பூஜை முடிந்திருந்தது. ஸ்பேனர்களுக்குக் கிடைத்த மரியாதை பெடலுக்கும் கிடைத்திருந்தது: சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. கச்சேரியைத் தொடங்க, அதை அழுத்தக் காலைத் தூக்கினேன்.

"ஐயோ சார்! சாமி கும்பிட்டதப் போய் மிதிக்கறீங்களா?" என்று பதறினார் பிரஸ் மெஷின் இயக்கும் சுமதி.

"மிதிக்கறதுக்குன்னே செஞ்சதும்மா இது."

"இன்னைக்கு இல்ல சார்."

கூடமே என் பாதத்தைப் பார்த்தது. முனிராஜ் காதருகே குனிந்தான். "மாமா, மிதிச்சா வருஷம் பூரா என்னப் பேசுவாங்க. வாசிக்கலன்னாலும் பேசுவாங்க."

சுமதியே வழி சொன்னார். "கையால அமுக்கலாமில்ல? நீங்க தலையாட்டுங்க, நான் அமுக்கறேன்."

கஞ்சிராவை வாசித்துத் தலையசைத்தேன். அவர் கை அரைத்தட்டு பிந்தியது. தாளம் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டியது.

"ரிஜெக்ட் பீஸுப்பா! ஸ்கிராப்புல போடு!" என்றது பின்வரிசை. முனிராஜ் சிரிக்கவில்லை.

எப்போது அழுத்தினாலும், அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்திலேயே பதிவு ஆரம்பிக்கும்படி ஓர் அமைப்பு மென்பொருளில் உண்டு. அதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கியே இரண்டாண்டுகள் பயின்றவன் நான். அன்று அதை இயக்கினேன். "சீக்கிரம் அமுக்கினா பரவால்லம்மா, லேட் மட்டும் வேணாம்."

இம்முறை கஞ்சிரா பிசிறின்றிச் சுழன்றது. அதன்மேல் வயலின் தந்தியைச் சுண்டினேன். பின்னர் என் குரல், மூன்று அடுக்காக. கூடம் தாளத்தோடு கைதட்டத் தொடங்கியதும் ஒலிவாங்கியை அவர்கள் பக்கம் திருப்பித் தலையசைத்தேன். சுமதி அழுத்தினார். பிறகு எல்லோரையும் நிறுத்தச் சொன்னேன். கைகள் தாழ்ந்தன, கைத்தட்டல் நிற்கவில்லை.

"யார்ரா இன்னும் தட்டறது?"

"நீதான்டா!"

அந்த ஆரவாரத்தின் மேல் வில்லை இழுத்தேன். என் வயலின் அவ்வளவு பெரிதாக அதற்குமுன் ஒலித்ததில்லை. முனிராஜ் நாற்காலியின்மேல் ஏறி நின்று கூவினான். கூட்ட ஒழுங்கைக் காப்பது அவன் பொறுப்பு.

செல்வோர் கவனத்திற்கு: விடுமுறை மாலையில் கிருஷ்ணகிரிப் பேருந்துகள் நிரம்பி வழியும், நான்கு மணிக்குள் கிளம்புங்கள். முன்சொன்ன அமைப்பைக் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள். மிதிக்கும் கருவியைப் பூஜைக்கு முன்பே பைக்குள் வைத்துவிடுவதே முறை. நான் வைக்கப்போவதில்லை. அடுத்த ஆண்டுக்கும் என்னையே அழைத்துவிட்டான் முனிராஜ். பெடலை அழுத்த, சுமதியைத் தவிர, இன்னும் ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.