விசிலடித்தது ரசிகர்கள் அல்ல

செங்கம் சாலையை ஒட்டியுள்ள எங்கள் வீட்டின் மாடி அறையை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுகிறோம். போன குளிர்காலத்தில் அங்கே தங்கிய ஜெர்மன் பெண் மூலமாகத்தான் எனக்குப் பங்க் ராக் என்ற மேற்கத்திய இசை அறிமுகமானது. முதலில் வெறும் இரைச்சலாகத்தான் பட்டது. பிறகு ஒருநாள், பழைய லைவ் கச்சேரி ஒன்றை ஹெட்போனில் கேட்கவைத்தார். பாடகரோடு சேர்ந்து கூட்டமே கத்தியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டு வேலையெல்லாம் ஹெட்போனோடுதான்.

சென்ற மாதம் ஒரு காலை, குக்கரில் பருப்பை வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். ரசிகர்கள் விடாமல் விசிலடித்தார்கள். உற்சாகம் தாங்காமல் நானும் அடித்தேன்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமியார் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். பிறகு என் ஹெட்போனைப் பிடுங்கினார்.

“அங்க குக்கர் அடிச்சிக்கினே இருக்குது, நீயும் கூட சேர்ந்து விசிலடிக்கிற! காது கேக்கலியா?”

ஆறியதும் திறந்து பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. பருப்பு கரியாகியிருந்தது. அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால் குக்கரே வெடித்திருக்கலாம்.

இப்போதெல்லாம் அடுப்பு எரியும்போது ஹெட்போனைத் தொடுவதில்லை. சமையல் முடிந்த பிறகு, ஸ்பீக்கரில்தான் கச்சேரி. மாமியார் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்காருவார்.

“அடுப்ப நிறுத்திட்ட இல்ல? சரி, அந்தக் கத்தறவங்கள போடு. சவுண்டு கம்மியா வெக்காத.”

— ஒரு வாசகி, திருவண்ணாமலை