எல்லோரும் ராமசாமி

நேற்று மாலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனர் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். புதுக் கிராமபோன் தட்டு ஒன்று சுழன்றது. மலாய்ப் பாட்டு, நடுவில் ஒருவன் தமிழனாக நடிக்கிறான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கள் குடித்தவன்போல் உளற வேண்டும், நாம் பேசாத ஏதோ ஒன்றைத் தமிழ் என்று கொட்ட வேண்டும், கடைசியில் அடி வாங்கி அழ வேண்டும். கடையே சிரித்தது. பக்கத்து மேசைத் தமிழர்களும் சிரித்தார்கள். என் மூக்கில் மட்டும் கருகிய தக்கையின் நாற்றம் ஏறியது. பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தக்கை எங்கே வந்தது என்பீர்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் ஓர் இரும்புப் பட்டறையில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். கழுத்தில் டை, பையில் பேனா. மலாயாவே என் எழுத்து வேலையால்தான் நடக்கிறது என்ற நினைப்பு. பட்டறைத் துரையின் கண்ணில் டையெல்லாம் படவில்லை. அவருக்குத் தமிழன் என்றால் ராமசாமி. சம்மட்டி அடிப்பவன் ராமசாமி, உலை ஊதுபவன் ராமசாமி, நானும் ராமசாமி. அந்தப் பெயருடைய ஒருவர்கூட எங்கள் பட்டறையில் இல்லை.

வருஷாந்திர விளையாட்டு விழாவில் மாறுவேடப் போட்டி உண்டு. துரை தக்கையைச் சுட்டு முகத்தில் கரி பூசி, அழுக்கு வேட்டியும் கள் புட்டியுமாகத் தள்ளாடி வருவார். வேஷத்தின் பெயர் ராமசாமி. பரிசு அவருக்கே, நடுவர்கள் அவருடைய சிநேகிதர்கள். எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்தவர். "உது கூலிக்காரரைப் பற்றின பகிடி, தம்பி. எங்களுக்கென்ன?" என்றார். சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக்காரி அவரைப் பார்த்து, "ராமசாமி, தண்ணீர்" என்றாள். அவர் போய்க் கொண்டுவந்தார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

கொதித்துப்போனவர் சம்மட்டிக்கார வீரப்பன் அண்ணன். "எங்கப்பன் வச்ச பேரு ஒண்ணு எனக்கு இருக்கு. பத்துமலைக்குக் காவடி எடுத்துப் போனா முருகனுக்கு அந்தப் பேரு தெரியுது. இவருக்குத் தெரியாதா?"

மறுவருஷம் போட்டியில் அவரும் இறங்கினார். வேலைக்கு வரும் அதே உடுப்பு, தோளில் சம்மட்டி.

"என்ன வேஷம்?" என்றார் நடுவர்.

"ராமசாமி, துவான்."

கூட்டம் சிரிக்கத் தயாராக இருந்தது. அவர் தள்ளாடவில்லை, உளறவில்லை. நேராகப் பார்த்தபடி நின்றார். வேஷமே போடவில்லை என்று தள்ளிவிட்டார்கள். பரிசு வழக்கம்போலக் கரிக்குப் போனது.

"சரி, அந்தப் பேர நம்மளே வச்சுக்குவோம்லா" என்றார் அண்ணன், மறுநாள் தேத்தண்ணி வேளையில். "இனிமே கூப்பிட்டா எல்லாரும் போவோம். கிராணி, நீயும் வரியா? டை கசங்கும்."

"கசங்கட்டும், அண்ணே."

துரை "ராமசாமி" என்று கத்தினார். சம்மட்டிகள் நின்றன. பட்டறை மொத்தமும் போய் அவர் முன்னால் நின்று, "யா, துவான்" என்று மலாயில் ஐயா போட்டது. அவருக்கு வேண்டியது சங்கிலி பிடிக்க ஓர் ஆள். எங்களைத் திட்டி விரட்டினார். மறுபடி கூப்பிட்டார், மறுபடி போனோம். பழுக்கக் காய்ச்சிய இரும்பு பட்டடைமேல் கிடந்து ஆறியது. வாரக் கடைசியில் பெரிய கிராணியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வந்து வரிசையின் ஓரத்தில் நின்றார். அண்ணன் தள்ளி நின்று அவருக்கு இடம் விட்டார்.

கடைசியில் துரை என்னை அழைத்து, ஒவ்வொருவர் பெயராகக் கேட்டுக் கற்றுக்கொண்டார். வீரப்பன் என்று வாய் திரும்ப அவர் பட்ட பாட்டைப் பார்த்து நான் மலாயாவையே ஜெயித்ததாக நினைத்தேன். எங்களுக்குள்ளோ "என்ன ராமசாமி, சாப்டியா?" என்பது செல்லப் பேச்சாகிவிட்டது.

பிறகு ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்தன. ஒரு நாள் காலையில் துரை வாசலில் நின்று ஆள் குறைத்தார்.

"வீரப்பன்" என்றார் முதலில். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் ஒருவர்தான் முன்னால் போனார். கூப்பிட்டது அவரைத்தானே.

போர்ட் சுவெட்டன்ஹாமில் அவரைக் கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக, அவரவர் பெயரிலேயே போனார்கள். பட்டறையையும் மூடியாயிற்று, உலை இருந்த இடத்தில் இப்போது லாலாங் புல். தெருவில் எந்த வெள்ளைக்காரனாவது "ராமசாமி" என்று கத்தினால் இன்றும் நான் போய் அவன் எதிரில் நின்று "யா, துவான்" என்கிறேன். பக்கத்தில் வந்து நிற்க ஆள் இல்லை.